ஊசி போட்ட இடம் சிவந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் போடும் எட்டனர்செப்ட், அடாலிமுமாப் என்று வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிகள் இன்று நிறைய வந்துவிட்டன. போட்ட இடம் கொஞ்சம் சிவப்பதும், அரிப்பதும், தடிப்பதும் இவற்றில் சகஜம். எட்டனர்செப்ட் எடுப்பவர்களுக்கு இது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் வரும். ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நாள் இருந்துவிட்டு மறையும், போகப்போகக் குறையும். இது தெரியாமல், "மருந்து எனக்கு ஒத்துக்கல" என்று இரண்டாவது ஊசியிலேயே தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தோலைக் காப்பாற்றப்போய் மூட்டைக் கெடுத்துக்கொள்கிற கதைதான். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்கு முன் இரண்டே கேள்வி: தடிப்பு ஊசி போட்ட இடத்தில் மட்டும் இருக்கிறதா, உடம்பில் வேறெங்கும் வந்திருக்கிறதா? நாளாக ஆகக் குறைகிறதா, கூடுகிறதா?

சிவப்பைக் கண்டு பயப்படுகிறவர்களே வலிக்காத கட்டியைக் கண்டுகொள்வதில்லை. அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. இன்சுலினைத் தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்து, ரப்பர் மாதிரி ஒரு மேடு உருவாகும். அங்கே உணர்வு மழுங்கிவிடுவதால் ஊசி வலிக்காது. வலிக்காததால் கை தானாக மறுபடி அங்கேயே போகும். ஆனால் அந்த மேட்டிலிருந்து இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் கலக்காது. சர்க்கரை ஏறும், அளவைக் கூட்டுவார்கள், இன்னும் ஏறும். பிறகு யாரோ சொன்னார்கள் என்று திடீரென நல்ல தோலில் அதே கூட்டிய அளவைப் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்து, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அதனால் இடத்தை மாற்றுவது சரி. மருத்துவரிடம் சொல்லாமல் மாற்றுவது தவறு. அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், சில நாளைக்கு அடிக்கடி சர்க்கரை பார்க்கவும் வேண்டும்.

இந்த மேடு பல சமயம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலரும் "எனக்கு அப்படி ஒன்றும் இல்லை" என்பார்கள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு வயிற்றிலும் தொடையிலும் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் விரல் ஓரிடத்தில் தடுக்கினால் அதுதான். வராமல் தடுக்க, ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி விட வேண்டும். வயிற்றை நான்கு பாகமாக எண்ணிக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொள்வது சுலபம். பேனா ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் இந்தக் கட்டிக்கு ஒரு காரணம்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, குளிரோடு போட்டால் எரியும். மருந்துத்தாள் அனுமதிக்கும் நேரம் வெளியே வைத்துப் போடலாம், வெந்நீரில் முக்கிச் சூடாக்கக் கூடாது. ஸ்பிரிட் காயாமல் குத்தினாலும் அதே எரிச்சல்தான்.

ஹெப்பாரின் வகை ஊசிகளில் போட்டு முடித்ததும் தேய்த்துவிடாதீர்கள், நீலம் பாரித்து ரத்தம் கட்டும். லேசாக அழுத்திப் பிடித்தால் போதும். நீலம் பாரிப்பது வேறு, கறுப்பது வேறு. ஹெப்பாரின் ஆரம்பித்து ஐந்து முதல் பத்து நாளுக்குள் குத்திய இடம் வலியோடு கறுத்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து, அதே சமயம் உடலுக்குள் ரத்தம் உறைகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன்பே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

ஊசி வயிற்றில், தடிப்பு முதுகிலும் கழுத்திலும் என்றால் விஷயம் வேறு. அதோடு உதடு, நாக்கு வீங்குவது, மூச்சுத் திணறுவது, தலைசுற்றுவது, வாந்தி எதுவும் சேர்ந்தால் அது அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒரு செட்ரிசின் மாத்திரையைப் போட்டுவிட்டு "பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பது. அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும். மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தையும் தூக்காது. இதற்கு மருந்து அட்ரீனலின் ஊசி, உடனே ஆம்புலன்ஸ். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு வாங்கினால் உட்காரவிடலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. "வருஷக்கணக்கா இதே ஊசிதான், இப்ப என்ன வந்துடப்போகுது" என்ற வாதமும் செல்லாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குப் போடும் கிளாட்டிராமர், முதல் ஊசியிலும் இதைக் கொண்டுவரலாம், பல வருஷம் கழித்தும் கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025-இல் எச்சரித்தது.

இரண்டு மூன்று நாள் கழித்தும் சிவப்பு பரவி, சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். பரவுகிறதா என்று கண்மதிப்பில் சொல்வது கஷ்டம். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஊசிப் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள், அதிலுள்ள பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.

மருந்தே காரணம் என்று நீங்களாக முடிவுகட்டவும் வேண்டாம். மருந்தோடு சேர்த்திருக்கும் பதப்பொருள், சில சிரிஞ்சுகளின் மூடியிலுள்ள லேடெக்ஸ் ரப்பர், துடைத்த திரவம், மேலே ஒட்டிய பிளாஸ்டர் என எதுவாகவும் இருக்கலாம். சில சமயம் மூடியில் லேடெக்ஸ் இல்லாத வேறு ஊசிப் பேனாவுக்கு மாறினாலே அதே மருந்தைத் தொடர முடியும்.