நான்காம் வகுப்புக் குழந்தையின் ஓராண்டுக் கற்றல்: பெற்றோர் கவனிக்கும் முறை

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என நான்கு பாடங்களே உள்ளன. மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் என்பது அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. நான்காம் வகுப்புக்கு வரும்போது குழந்தை ஐந்து பாடங்களுக்கும் பழகிவிட்டது என்று பள்ளியும் வீடும் எடுத்துக்கொள்வதால், பாடநூலின் பக்கங்களில் படங்கள் குறைந்து பத்திகள் நீள்வதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் ஐந்து பாடங்களும் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் குழந்தை தடுமாறும் இடத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் அது வாசிப்பில் இருக்கிறது. இல்லையேல் எண்ணின் இடமதிப்பில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஆண்டு முழுவதும் கண்காணிக்கும் பெற்றோர் மற்றப் பாடங்களில் பாதி வேலையை முடித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

ஆண்டு மூன்று பருவங்களாக நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் தனி நூல் வருவதால், நூல் கைக்கு வந்த வாரத்திலேயே பொருளடக்கத்தைக் குழந்தையோடு சேர்ந்து படித்து, எந்த மாதத்தில் எந்தப் பாடம் நடக்கும் என்பதைத் தோராயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2012-13 ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, செயல்பாடுகளையும் சிறு தேர்வுகளையும் கொண்ட வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. வீட்டில் பலரும் 60-ஐ மட்டுமே கேட்கிறார்கள். குழந்தை வகுப்பில் என்ன செய்தது, எதைப் பேசியது, எதைச் செய்து காட்டியது என்பவை அந்த 40-க்குள் இருப்பதால், முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

தமிழிலிருந்து தொடங்குங்கள். பாடநூலில் உள்ள பத்தியை வாசிக்கச் சொல்லிச் சோதிப்பதில் பயனில்லை. வகுப்பில் பலமுறை கேட்டதால் குழந்தை அதை நினைவிலிருந்தே ஒப்பித்துவிடும். குழந்தை இதுவரை பார்த்திராத ஒரு பத்தியை, செய்தித்தாளின் சிறுவர் பகுதியிலிருந்தோ பள்ளிக்கு வரும் சிறார் இதழிலிருந்தோ எடுத்துக் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். எழுத்துக்கூட்டாமல் சொல் சொல்லாக வாசிக்கிறதா, முற்றுப்புள்ளியில் நிற்கிறதா, நீண்ட சொற்களைப் பொருள் கெடாமல் பிரிக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். வாசித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, நடந்ததைத் தன் சொற்களில் சொல்லும்படி கேளுங்கள். தடையின்றி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாமல் நிற்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுடைய குறை வெளியில் எளிதில் தெரியாது என்பதால் அவர்களைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், குழந்தைகளின் அடைவு அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பார்க்கப்படுகிறது. மூன்றாம் வகுப்பு முடிந்தபோது உங்கள் குழந்தை எந்த நிலையில் இருந்தது என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். மொட்டு நிலையில் இருந்த குழந்தைக்கு நாள்தோறும் பதினைந்து நிமிட வாசிப்பு போதும். அதை ஒரு நாளும் விடக் கூடாது என்பதுதான் கடினம். எழுத்துப் பிழைகளில் ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் இந்த வயதில் இயல்பானவை. ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டால் குழந்தை எழுதுவதையே குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு வாரத்துக்கு ஓர் இணையை மட்டும் எடுத்துத் திருத்துவது நல்லது.

ஆங்கிலத்தில் சிறு பத்திகளை வாசிப்பதும் சிறு வாக்கியங்களைப் பேசுவதும் எழுதுவதும் இந்த ஆண்டின் நோக்கம். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் குழந்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். எந்த வரியில் குரல் தாழ்கிறது என்பதை அறிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கில் எண்கள் பத்தாயிரம் வரை விரிகின்றன. சோதிக்க எளிய வழி, நீங்கள் எண்களைச் சொல்ல, குழந்தை எழுதுவதாகும். நான்காயிரத்து ஐம்பது, நான்காயிரத்து ஐந்து, ஏழாயிரத்துத் தொண்ணூறு, ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகியவற்றைக் கலந்து சொல்லுங்கள். தொண்ணூற்றில் நூறும் தொள்ளாயிரத்தில் ஆயிரமும் காதில் விழுவதால் தமிழ்வழிக் குழந்தைகள் அங்கே கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். பூச்சியத்தின் இடம் தெளியாத குழந்தைக்கு 4002-இலிருந்து 1567-ஐக் கழிக்கும்போது கடன் வாங்குவது வெறும் மந்திரமாகவே இருக்கும். அத்தகைய குழந்தைக்கு மேலும் பத்துக் கழித்தல் கணக்குகளைக் கொடுப்பதைவிட, பத்து ரூபாய், நூறு ரூபாய் என்று காகிதத்தில் எழுதி, சில்லறை மாற்றிக் காட்டுவது விரைவில் பயன் தரும்.

வாய்பாட்டை வரிசையாக ஒப்பிப்பது வேறு, ஏழெட்டு எத்தனை என்று இடையில் கேட்டவுடன் ஐம்பத்தாறு என்று சொல்வது வேறு. வகுத்தலுக்குப் பின்னது தேவை. வாக்கியக் கணக்குகளில்தான் பெரும்பாலான குழந்தைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். "கூடைக்கு 24 மாம்பழங்கள் வீதம் 15 கூடைகள் வந்தன, அவற்றில் 40 பழங்கள் அழுகிவிட்டன, மீதி எத்தனை?" என்ற கணக்கைக் குழந்தை தானே படித்துத் தவறாகச் செய்தால், அதே கணக்கை நீங்கள் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். கேட்டவுடன் 320 என்ற சரியான விடைக்கு வந்துவிட்டால், குறை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தையைக் கணக்குத் தனிப்பயிற்சிக்கு அனுப்புவதால் பணமும் மாலைப் பொழுதும் வீணாகும்.

பின்னத்தில் மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் மூன்றில் ஒரு பங்கைவிடக் கால் பங்கு பெரிது என்று குழந்தை முடிவு செய்வது வழக்கம். ஒரே அளவுள்ள இரண்டு தோசைகளை மூன்றாகவும் நான்காகவும் வெட்டி, ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் விடை தானே வரும். காலத்தைக் கணக்கிடும்போது, 10.45-க்குப் புறப்பட்ட பேருந்து 1.20-க்குச் சேர்ந்தால் பயணம் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 11 மணிக்கு 15 நிமிடம், 1 மணிக்கு 2 மணி நேரம், பிறகு 20 நிமிடம் என்று முன்னோக்கி எண்ணி 2 மணி 35 நிமிடத்தை அடையப் பழக்குங்கள். கீழே கீழே எழுதிக் கழிக்கும்போது அறுபதை நூறாகக் கொள்ளும் தவறு நேர்கிறது.

அறிவியலில் நமது உடல், பருப்பொருள்கள், வேலையும் ஆற்றலும், உணவு, நீர், காற்று, தாவரங்கள், விலங்குகள் எனப் பாடங்கள் செல்கின்றன. இவற்றை வினா-விடையாக மனப்பாடம் செய்ய விடாதீர்கள். கலவைகளைப் பிரிக்கும் முறைகளைப் படிக்கும் வாரத்தில், முறத்தில் புடைப்பதையும் சல்லடையில் மாவு சலிப்பதையும் தேநீர் வடிகட்டுவதையும் குழந்தையின் கையாலேயே செய்யச் சொல்லி, ஏன் மாவைப் புடைக்காமல் சலிக்கிறோம் என்று கேட்டால், துகளின் அளவைப் பற்றியும் எடையைப் பற்றியும் அதுவே பேசத் தொடங்கும்.

சமூக அறிவியலுக்குத் தேவையான ஒரே கருவி சுவரில் மாட்டிய தமிழ்நாட்டு வரைபடம். ஐவகை நிலங்கள், தமிழ்நாட்டின் இயற்கை அமைப்பு, கடையெழு வள்ளல்கள் ஆகியவை நூலில் தனித்தனிப் பாடங்களாக இருந்தாலும் வரைபடத்தில் ஒன்றாகின்றன. ஏழு வள்ளல்களின் பெயர்களையும் மூச்சுவிடாமல் சொல்லும் குழந்தைக்கு, ஓரி ஆண்ட கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருப்பதும், பேகனின் நாடு பழனியை ஒட்டியது என்பதும் தெரிவதில்லை. அந்த மலைகளைப் பென்சிலால் குறித்து, அவை குறிஞ்சி நிலம் என்பதைச் சேர்த்துச் சொன்னால் மூன்று பாடங்களும் ஒரே மாலையில் நினைவில் நிற்கும். உள்ளாட்சியைப் படிக்கும்போது உங்கள் ஊர் ஊராட்சியா, பேரூராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்பதையும், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் குழந்தையே விசாரித்து வரட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நன்றாகப் படிக்கிறான்" என்ற விடையே கிடைக்கும். "புதிய பத்தியைத் தானே வாசித்துச் சொல்கிறாளா? நான்கு இலக்கக் கழித்தலைத் துணையில்லாமல் செய்கிறாளா?" என்று கேட்டால் ஆசிரியரும் குழந்தையின் ஏட்டைத் திறந்து காட்டிப் பேச முடியும். இக்கேள்விகளை ஆண்டிறுதிவரை தள்ளிப்போடாமல் செப்டம்பர் மாத இறுதியில், முதல் பருவத் தேர்வு முடிந்தவுடன் கேளுங்கள். அப்போதுதான் குறையைச் சரிசெய்ய இரண்டு பருவங்கள் மீதமிருக்கும்.