பிரவுசர் திணறும்போது நாம் செய்யும் தவறுகள்

பக்கத்து வீட்டு அக்கா கணக்கு டியூஷன் எடுப்பவர். பழைய கேள்வித்தாள்களைத் தேட ஒரு கல்விச் செய்தித் தளத்துக்கு அடிக்கடி போவார். "நெட் பிளானை 100 எம்பிபிஎஸ் வேகத்துலேர்ந்து 200-க்கு மாத்திட்டேன் தம்பி, அப்பவும் அந்தப் பேஜ் நகரவே மாட்டேங்குது" என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினேன். பிரவுசருக்கென்று தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் வந்தது. சிபியூ என்ற தலைப்பைச் சொடுக்கியதும் அதிகம் தின்பது மேலே ஏறியது. அந்தப் பக்கம் 97, 98 சதவீதம் என்று நின்றது. அதற்குக் கீழே விளம்பர நிறுவனங்களின் பெயரோடு நாலைந்து வரிகள். நெட்வொர்க் கட்டத்தில் மட்டும் பூஜ்யம். வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. லேப்டாப்தான் அதை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது.

பலரும் சறுக்குவது இந்த முதல் படியில்தான். பக்கம் நின்றால் நெட்டைத் திட்டுகிறோம். 200 கேபி படமும், பக்கத்தை இயங்கவைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் 200 கேபியும் இறங்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்ட்டை விரித்து, படித்து, கணினிக்குப் புரியும்படி மாற்றி, பிறகு ஓட்ட வேண்டும். அதுவும் ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட், நம் கிளிக்குக்குப் பதில் சொல்வது, பக்கத்தை அடுக்குவது எல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ரேஷன் கடையில் தராசு ஒன்றுதான் என்றால் முன்னால் நிற்பவர் நகரும்வரை பின்னால் இருப்பவர் காத்திருக்கத்தானே வேண்டும்? திரை வழுக்கிக்கொண்டு நகர வேண்டுமானால் நொடிக்கு 60 முறை புதிதாக வரைய வேண்டும். ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. ஒரு ஸ்கிரிப்ட் அரை நொடி பிடித்துக்கொண்டால் 30 முறை வரையும் வாய்ப்பு போச்சு. இதற்கு எந்த நெட் பிளானும் மருந்தில்லை.

அடுத்தது, எதற்கெடுத்தாலும் கேஷை, அதாவது போன தளங்களிலிருந்து பிரவுசர் சேமித்து வைத்திருப்பதை, அழிப்பது. யாரோ ஒருமுறை சொல்லிக்கொடுத்தது, கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. கேஷ் இருப்பது வேகத்துக்காகத்தான். ஒரு தளத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால், ஏற்கெனவே மாற்றி வைத்த ஸ்கிரிப்ட்டையும் சேர்த்தே குரோம் சேமித்து வைக்கிறது, மறுமுறை அந்த உழைப்பு மிச்சமாகட்டும் என்று. தினமும் அழித்தால் தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். தளத்தில் ஏதோ மாற்றியபின் பொத்தான்கள் இடம் மாறித் தெரிகின்றன, பாதிப் பக்கம் வரவில்லை என்றால் மட்டும் அந்தப் பக்கத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தப் பக்கம் புதிதாக இறங்கும்; மற்றத் தளங்களின் சேமிப்பு அப்படியே இருக்கும்.

நான் பார்த்த கணினிகளில் பாதிக்குமேல் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான், அதாவது பிரவுசரோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல். அக்காவின் குரோமில் பதினொன்று இருந்தன. கூப்பன் தேடித் தருவது, ஸ்பெல்லிங் திருத்துவது, திரையைப் படம் பிடிப்பது, போதாததற்கு இரண்டு விளம்பரத் தடுப்பான்கள். "எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் ஸ்கிரிப்ட்டை நுழைக்க முடியும். கூப்பனுக்கும் கேள்வித்தாளுக்கும் என்ன சம்பந்தம்? சோதிப்பது சுலபம். அதே பக்கத்தை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடா. அங்கே பக்கம் சுறுசுறுப்பாக இருந்தால் முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன்மீதுதான். தேவையில்லாததை நீக்குங்கள், எப்போதாவது தேவைப்படுவதை, அதைச் சொடுக்கினால் மட்டும் வேலை செய்யும்படி மாற்றிவையுங்கள்.

விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். இரண்டு போட்டால் ஒவ்வொரு கோரிக்கையையும் இரண்டு பேர் சோதிப்பார்கள், சில சமயம் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் நன்றாக வேலை செய்கிறது. குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்திவிட்டதால் அங்கே அதன் லைட் பதிப்பு. ஸ்கிரிப்ட் கனமான பக்கங்களில் இதைவிடப் பெரிய பலன் தரும் ஒரே மாற்றத்தை நான் பார்த்ததில்லை. உழைத்து எழுதும் சிறிய தளங்களுக்கு விளம்பரம்தான் சோறு. அவற்றுக்கு மட்டும் தடுப்பானை அணைத்து வைக்கிறேன், நீங்களும் அப்படிச் செய்தால் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு பழைய யோசனை இன்றும் சுற்றுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் "இந்தப் பக்கம் வேகத்தைக் குறைக்கிறது" என்று எச்சரித்தால், உள் அமைப்புக்குள் போய் ஸ்கிரிப்ட் ஓடும் நேர வரம்பைக் கூட்டிவிடு அல்லது பூஜ்யமாக்கிவிடு என்பது. பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். எச்சரிக்கை வராது, அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் முன்னைப்போலவே ஓடும், அதை நிறுத்தும் பொத்தானும் உங்கள் கையைவிட்டுப் போய்விடும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உடைப்போமா?

ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைக்கச் சொல்வதும் அப்படியே. திரை மினுக்குகிறது, கறுப்பாகிறது என்றால் அணைத்துப் பார்க்கலாம். மற்றபடி கிராஃபிக்ஸ் சிப் செய்யும் வேலையையும் ஏற்கெனவே திணறும் சிபியூ தலையில் கட்டுவதாகவே அது முடியும். ஜாவாஸ்கிரிப்ட்டை முழுக்க நிறுத்தினால் வங்கித் தளம், டிக்கெட் புக்கிங் எதுவும் வேலை செய்யாது. வேண்டுமானால் ஒரு தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: எட்ஜில் கூடுதல் பாதுகாப்பு முறை என்று ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட்டை ஓடும்போதே வேகமான வடிவத்துக்கு மாற்றும் ஜிட் என்ற பகுதியை அது நிறுத்திவிடும். பாதுகாப்புக்கு நல்லது, கனமான பக்கங்கள் அதற்கு வேகத்தில் விலை கொடுக்கும். தெரிந்து போட்டிருந்தால் சரி. போட்டதை மறந்துவிட்டு லேப்டாப்பை மாற்றக் கிளம்பாதீர்கள். பேட்டரி சேமிப்பு முறையும் இதே ரகம்தான், சார்ஜரைச் செருகி ஒருமுறை பாருங்கள்.

திறந்து கிடக்கும் முப்பது டேப்கள்? கண்ணில் படாத டேப்களைக் குரோமே ஓரளவு அடக்கிவைக்கிறது. அவை தின்பது முக்கியமாக மெமரியை. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அது நிரம்பி, ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பித்தால் எல்லாமே இழுக்கும். குரோம் அமைப்புகளில் உள்ள மெமரி சேவரைப் போட்டுவையுங்கள், முடிந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். "ரேம் பூஸ்டர்" என்று வரும் எதையும் இறக்க வேண்டாம்.

அக்காவின் லேப்டாப்பில் இரண்டு தடுப்பான்களில் ஒன்றையும் சேர்த்து எட்டு எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் 98-லிருந்து பத்துக்குக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஃபேன் சத்தமும் அடங்கியது.

எல்லாப் பக்கமும் இப்படி அடங்காது. எக்ஸ்டென்ஷன் இல்லை, விளம்பரம் இல்லை, இன்காக்னிட்டோவிலும் அதே 98 என்றால் கோளாறு அந்தத் தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட்டில் இருக்கவே அதிக வாய்ப்பு. வேறொரு பிரவுசரிலும் ஒருமுறை பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் டாஸ்க் மேனேஜரைப் படம் பிடித்து, எந்தப் பிரவுசர், எந்தப் பக்கம், எதைச் சொடுக்கியதும் நின்றது என்று மூன்று வரி சேர்த்துத் தளம் நடத்துபவர்களுக்கு அனுப்புங்கள். வேகமான மெஷினிலேயே சோதிப்பவர்கள் கண்ணுக்கு அந்தத் திணறல் படாமலே போயிருக்கலாம்.