ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியின் குறி சிதறுகிறதா?

ஏர்சாஃப்ட் கைத்துப்பாக்கியின் (வாயு அழுத்தத்தில் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) குறி திடீரென்று சிதறத் தொடங்கினால், புதிய குழல் வாங்குவதற்கு முன், மேகசினை (குண்டும் வாயுவும் அடைக்கும் பகுதி) கழற்றி, உள்ளே குண்டு எதுவும் தங்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பழைய வேட்டித் துணிக் கீற்று ஒன்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, சுத்தம் செய்யும் கம்பியில் கோத்து, துணி வெள்ளையாகவே வெளிவரும்வரை உட்குழலைத் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். எண்ணெய் விட வேண்டாம் (பலரும் செய்யும் தவறு இதுதான்).

குழலின் தொடக்கத்தில் உள்ள ஹாப்-அப் ரப்பர், குண்டின் மேற்புறத்தை உரசிப் பின்சுழற்சி தருவதால்தான் அது தாழாமல் செல்கிறது. வாயுவோடு வரும் சிலிக்கோன் எண்ணெய் அந்த ரப்பரில் படிந்தால், பிடிப்பு ஒவ்வொரு முறையும் மாறி, ஒரு குண்டு மேலேயும் அடுத்தது கீழேயும் போகும். குண்டின் விட்டம் சுமார் 5.95 மி.மீ., குழலின் உள்விட்டம் பெரும்பாலும் 6.01 முதல் 6.08 மி.மீ. என்பதால், மெல்லிய பிசுக்குகூடக் குறியைக் கெடுத்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில் மக்கும் வகைக் குண்டுகள் உப்பிவிடக்கூடும் என்பதால், அவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

குண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்து, அந்த இடம் மட்டும் இலக்கிலிருந்து விலகியிருந்தால், பழுது குழலில் இல்லை. குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் இருக்கும் குறிகாட்டியைத்தான் சரிசெய்ய வேண்டும். தொடர்ந்து வேகமாகச் சுடும்போது மட்டும் குண்டு தாழ்ந்தால், மேகசின் குளிர்ந்து வாயுவின் அழுத்தம் குறைந்திருக்கும். ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.