லேபிள் பிரிண்டருக்கு ஆறே வரிக் கட்டளை

லேபிள் பிரிண்டர் வாங்கியதும் எல்லோரும் முதலில் வேர்டைத் திறந்து, பக்க அளவோடு மல்லுக்கட்டி, பாதி எழுத்து அடுத்த ஸ்டிக்கரில் விழுவதைப் பார்த்து நொந்துபோவார்கள். நானும் அப்படித்தான். அந்தப் பாடே வேண்டாம், நோட்பேட் போதும்.

டிஎஸ்சி பிரிண்டர்களுக்கும் அவற்றோடு ஒத்துப்போகும் பல மலிவு மாடல்களுக்கும் டிஎஸ்பிஎல் என்ற கட்டளை மொழி புரியும். ஜீப்ரா கம்பெனி பிரிண்டர்களின் இசட்பிஎல் வேறு மொழி, அதற்கு இது ஆகாது.

முதலில் ஸ்கேலால் ஸ்டிக்கரை மட்டும் அளங்கள், பின்தாளைச் சேர்க்காதீர்கள். என்னுடையது 50க்கு 25 மிமீ, இரண்டு ஸ்டிக்கருக்கு நடுவே 3 மிமீ. இனி ஃபைல். இங்கே தமிழில் இருக்கும் சொற்களை நீங்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்:

சைஸ் 50 எம்எம், 25 எம்எம்
கேப் 3 எம்எம், 0 எம்எம்
சிஎல்எஸ்
டெக்ஸ்ட் 20,20,"3",0,1,1,"சில்லி பவுடர் 100ஜி"
பார்கோட் 20,60,"128",80,1,0,2,2,"சிபி100"
பிரிண்ட் 1,1

டெக்ஸ்டில் வரும் 20,20 எழுத்து தொடங்கும் இடம். அது மில்லிமீட்டர் அல்ல, புள்ளிக்கணக்கு. 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் ஒரு மிமீக்கு 8 புள்ளி, ஆக என் ஸ்டிக்கர் 400க்கு 200. "3" என்பது ஃபாண்ட் எண், அதில் ஓர் எழுத்துக்கு 16 புள்ளி அகலம். பெயர் நீளமானால் அடிப்பதற்கு முன்பே எழுத்து எண்ணிக்கையை 16ஆல் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். பார்கோடில் 128 அதன் வகை, 80 உயரம், அடுத்த 1 கீழே எழுத்தும் வேண்டும் என்பதற்கு.

சிஎல்எஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரிண்டரின் நினைவில் கிடக்கும் பழைய லேபிளை அழிப்பது அதுதான். ஒருநாள் நான் மறந்துபோய், மஞ்சள்தூள் மேலேயே மிளகாய்த்தூள் அச்சாகி, பாதி ரோல் குப்பைக்குப் போனது.

அனுப்புவது எப்படி? விண்டோஸில் பிரிண்டரை ஷேர் செய்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் காப்பி கட்டளையோடு ஸ்லாஷ் பி போட்டு, ஃபைல் பெயர், அப்புறம் இரண்டு பின்சாய்வுக் கோடு, லோக்கல்ஹோஸ்ட், இன்னொரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர். ஸ்லாஷ் பி என்றால் ஃபைலை உள்ளது உள்ளபடியே அனுப்பு என்று அர்த்தம். பிரிண்டரை லேன் கேபிளில் மாட்டியிருந்தால், ஃபைலை அனுப்ப வேண்டிய நெட்வொர்க் போர்ட் எண் பெரும்பாலும் 9100.

ஒன்றும் வரவில்லையா? கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டினீர்களா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் கட்டளை முடியவில்லை என்று பிரிண்டர் காத்துக்கொண்டே இருக்கும். ஸ்டிக்கர் ஓடியும் வெறுமையாக வந்தால் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். கறுத்தால் அது தெர்மல் தாள், கறுக்காவிட்டால் ரிப்பன் மாட்டாமல் எதுவும் விழாது. மங்கலாக இருந்தால் டென்சிட்டி 10 என்று ஒரு வரி சேருங்கள், 0 முதல் 15 வரை போகலாம். அச்சு இடம் தள்ளிப்போனால் கேப்டிடெக்ட் என்ற ஒற்றை வரியைத் தனி ஃபைலில் அனுப்புங்கள். சில ஸ்டிக்கரை ஓடவிட்டு அளவைத் தானே பிடித்துக்கொள்ளும்.

இந்த "3" ஃபாண்டில் தமிழ் கிடையாது. மிளகாய்த்தூள் என்று தமிழிலேயே வேண்டுமென்றால் அந்தச் சொல்லைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.