குழந்தைகள் வார்டில் தன்னார்வலராகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் கோரிமேடு ஜிப்மருக்கும் புதுச்சேரியிலிருந்து மட்டுமன்றி, கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, பழமும் பொம்மையும் வாங்கிக்கொண்டு நேராக வார்டுக்குள் நுழைந்துவிடுவது. எந்த மருத்துவமனையாக இருந்தாலும் நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற்று, எந்த வார்டு, எந்த நாள், யாரிடம் சொல்லிவிட்டு உள்ளே செல்வது என்பதைக் கேட்டறிந்த பிறகே தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கேட்காமல் தின்பண்டம் கொடுப்பது. நான் சேர்ந்த புதிதில், அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த ஐந்து வயதுப் பையன் பசியால் அழுதபோது மனம் பொறுக்காமல் இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டேன். அன்றைய அறுவை சிகிச்சை தள்ளிப்போயிற்று. வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அந்த உணவு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதால், பிஸ்கட் தின்று குறைந்தது 6 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவன் தந்தை என்னைத் திட்டவில்லை. "பரவால்லம்மா, தெரியாமதான குடுத்தீங்க" என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக நோயாளிக் குழந்தைக்குச் சிப்ஸ் ஆகாது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய குழந்தைக்கு, நாம் அமிர்தமாக நினைக்கும் இளநீரும் ஆகாது.

லேசான சளிதானே என்று எண்ணிக்கொண்டு போவதும் ஆபத்தானது. கீமோதெரபி பெறும் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது, நமக்குத் தும்மலோடு போகும் கிருமி அதன் உயிருக்கே உலை வைக்கலாம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும் என்பதால், வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டிருந்தால் அதை மறைக்காமல் செவிலியரிடம் தொலைபேசியில் சொல்லி, அவர் வரச் சொல்லும்வரை விலகியிருக்க வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 வினாடிகள் ஆகும். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

படம் எடுக்கவே வேண்டாம். நோயின் பெயரையோ காரணத்தையோ துருவிக் கேட்கவும் வேண்டாம்.

"அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போவது சிறிய தவறாகத் தோன்றலாம். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும். மாதம் இரண்டே நாள் வர முடியுமானால், அந்த இரண்டு நாளை மட்டும் சொல்லுங்கள்.

கதை சொல்வதும் படம் வரைவதும் மட்டுமே தொண்டு என்று நினைத்து, அருகில் இருக்கும் தாயைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையை விட்டு நகர முடியாமல் காலையிலிருந்து சாப்பிடாதிருக்கும் அவரிடம், "நான் பாத்துக்கிறேன், போய் குளிச்சு சாப்பிட்டு வாங்கக்கா" என்று சொல்லி, செவிலியரின் கண்ணில் படும் இடத்தில் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்திருங்கள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வரும் அவர் முகத்தில் அதன் பலன் தெரியும்.