ஜெல் பிளாசிபோவை வென்றதா? முதலீட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் பங்குச் சந்தையில் சிறு நிறுவனங்களுக்கான ஏ.ஐ.எம். பிரிவில் பட்டியலிடப்பட்டிருந்த ஃபியூச்சுரா மெடிக்கல் என்ற நிறுவனம், விறைப்புக் குறைபாட்டுக்காக உருவாக்கிவந்த மெட்2005 என்ற ஜெல்லின் மூன்றாம் கட்ட ஆய்வின் (விற்பனை அனுமதி கேட்கும் முன் நடத்தும் பெரிய ஆய்வின்) முடிவை 2019 டிசம்பரில் அறிவித்தது. நெஞ்சுவலிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கிளிசரில் டிரைநைட்ரேட் அந்த ஜெல்லில் 0.2, 0.4, 0.6 சதவீதம் என மூன்று அளவுகளில் கலக்கப்பட்டிருந்தது. சுமார் 1,000 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், மருந்து கலந்த ஜெல்லால் மருந்து கலக்காத அதே ஜெல்லை, அதாவது ஒப்பீட்டுக்காகக் கொடுக்கப்பட்ட பிளாசிபோவை (போலி மருந்தை), வெல்ல முடியவில்லை. பங்கு விலை கடுமையாகச் சரிந்தது. நிறுவனம் அத்துடன் நின்றுவிடவில்லை. மருந்தில்லா ஜெல்லைத் தடவியவர்களும் தொடக்க நிலையைவிட மேம்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த ஜெல்லுக்கே மெட்3000 என்று பெயரிட்டு, மருந்தாக அல்லாமல் மருத்துவச் சாதனமாகப் பதிவுசெய்யும் வழியில் இறங்கியது. பின்னர் அதுவே எரோக்சான் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

அன்று முதல் முதலீட்டாளர்களிடையே நடந்துவரும் வாதத்தை இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். "தோற்றுப்போன பிளாசிபோவைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்" என்பது ஒரு தரப்பு. "பிளாசிபோ என்று அழைக்கப்பட்டதே உண்மையில் வேலை செய்கிறது" என்பது மறு தரப்பு. இரு தரப்பும் ஒரே ஆய்வைத்தான் காட்டுகின்றன. ஆனால், அந்த ஆய்வு கேட்காத ஒரு கேள்விக்கு அதிலிருந்தே விடையெடுக்க இரண்டுமே முயல்கின்றன.

ஒப்பீட்டுக் குழுவினர் எதைப் பெற்றார்கள் என்று பார்க்காமலே "பிளாசிபோ" என்ற பெயரை நம்பிவிடுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு. மாத்திரை ஆய்வில் பிளாசிபோ என்றால் பெரும்பாலும் உடலில் எதுவும் செய்யாத மாவுப்பொருள். தடவும் மருந்துகளில் அப்படியில்லை. அங்கே ஒப்பீடாகக் கொடுக்கப்படுவது, மருந்து மட்டும் நீக்கப்பட்ட முழு ஜெல்; அதற்குக் குளிர்ச்சி உண்டு, ஈரம் உண்டு, தேய்க்கும்போது எழும் தொடுவுணர்வும் உண்டு. மெட்3000-இல் உள்ள ஆவியாகும் கரைப்பான் தோலை விரைவாகக் குளிர்வித்து, பின்பு வெப்பம் மீளும்போது நரம்பு முனைகளைத் தூண்டுகிறது என்பதே நிறுவனத்தின் விளக்கம். அது சரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியானாலும், 2019 ஆய்வு அளந்தது ஜெல்லுக்கு மேல் கிளிசரில் டிரைநைட்ரேட் எதையாவது கூட்டுகிறதா என்பதை மட்டுமே. "கூட்டுவது தெரியவில்லை" என்ற விடையிலிருந்து ஜெல் பயனற்றது என்றும் பெற முடியாது, பயனுள்ளது என்றும் பெற முடியாது. ஜெல் தடவாத ஒரு குழு அந்த ஆய்வில் இருக்கவேயில்லை.

இதற்கு அடுத்து வருவது, தொடக்க நிலையிலிருந்து ஏற்பட்ட மாற்றத்தைச் சிகிச்சையின் விளைவாக எண்ணுவது. என் மதிப்பீட்டில், முதலீட்டாளர்களுக்கு அதிகப் பணச் சேதம் விளைவிப்பது இதுதான்; ஏனென்றால் நிறுவன அறிவிப்புகளின் மொழிநடை இந்தப் பிழைக்கு மிகவும் வாகாக அமைந்திருக்கும். ஒருவர் தன் நிலை மோசமாக இருக்கும் வேளையில்தான் ஆய்வில் சேர முன்வருகிறார். சேர்க்கை விதிகளும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே மதிப்பெண் உள்ளவர்களையே அனுமதிக்கின்றன. அத்தகையோரில் பலர் எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் தம் வழக்கமான நிலைக்குத் திரும்புவர். அதோடு ஆய்வில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையும், துணைவரின் ஒத்துழைப்பும், முயற்சிகளின் எண்ணிக்கை கூடுவதும் சேர்ந்துகொள்கின்றன. வினாத்தாளில் தாமே மதிப்பெண் இடும் ஒரு குறைபாட்டில் இவையெல்லாம் எண்ணாகப் பதிவாகிவிடும். "தொடக்க நிலையோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மேம்பாடு" என்று அறிவிப்பில் ஒரு வரி வந்தால், அடுத்த வரியில் "ஒப்பீட்டுக் குழுவைவிட" என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேட வேண்டும். வரவில்லையென்றால், அந்த மேம்பாட்டில் எவ்வளவு ஜெல்லுடையது, எவ்வளவு காலத்துடையது என்று பிரித்துச் சொல்ல அந்த வரியால் இயலாது.

புள்ளியியல் முக்கியத்துவத்தையும் நோயாளிக்குக் கிடைக்கும் பயனையும் ஒன்றாகக் கருதுவதற்கு இதே ஜெல்லின் முந்தைய வரலாற்றில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மெட்2005-இன் இரண்டாம் கட்ட ஆய்வு 2018-இல் ஆய்விதழில் வெளிவந்தது. விறைப்புச் செயல்பாட்டை அளக்கும் ஐ.ஐ.ஈ.எஃப். மதிப்பெண் தொடக்கத்தில் சராசரியாக 17.1 ஆக இருந்தது. மருந்து ஜெல்லுக்குப் பின் 19.6, மருந்தில்லா ஜெல்லுக்குப் பின் 18.5. மருந்தால் பயனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பைக் காட்டும் பி மதிப்பு 0.0132 என்பதால் மருந்து "வென்றது" என்று எழுதலாம், எழுதினார்கள். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 1.1 புள்ளிதான், அந்த அளவுகோலில் ஒருவர் தம் நிலை மாறியிருப்பதாக உணரப் பொதுவாகக் குறைந்தது 4 புள்ளிகள் தேவை என்று ஏற்கப்பட்டிருக்கிறது. 4 புள்ளியோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள் மருந்து ஜெல்லில் 23.1 சதவீதம், மருந்தில்லா ஜெல்லில் 14.5 சதவீதம். பி மதிப்பை மட்டும் படித்துவிட்டு மூன்றாம் கட்டத்துக்குப் பந்தயம் கட்டியவர் அந்த 1.1-ஐயும் பார்த்திருந்தால், 2019 டிசம்பர் அவருக்கு அவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

வெவ்வேறு ஆய்வுகளின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் கூடாது. தோலில் தடவும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புகளைப் பாருங்கள்: சுளுக்கு போன்ற புதிய வலிகளில் எமல்ஜெல் வடிவத்தைப் பயன்படுத்தியவர்களில் 78 சதவீதத்தினருக்கு நிவாரணம் கிடைத்தது, பிளாசிபோவில் 20 சதவீதம், நாட்பட்ட மூட்டுவலியில் 6 முதல் 12 வார ஆய்வுகளில் அதே மருந்துக்கு 60 சதவீதம், பிளாசிபோவுக்கு 50. ஒரே மருந்துக்கே பிளாசிபோ எண் இப்படி 20-க்கும் 50-க்கும் இடையே ஆடும்போது, "எங்கள் ஜெல்லில் 60 சதவீதத்தினர் பயனடைந்தனர்" என்ற தனி எண்ணுக்கு என்ன பொருள் இருக்க முடியும்?

மருந்தில்லா ஜெல் தானே தயாரிப்பாக மாறிய கதை இது ஒன்று மட்டுமல்ல என்பதையும் வாதாடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முழங்கால் தேய்மான வலிக்காகக் கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்த ஒரு ஜெல்லை, கீட்டோபுரோஃபென் இல்லாத அதே ஜெல்லோடும், செலிகாக்சிப் என்ற வலிநிவாரணி மாத்திரையோடும், போலி மாத்திரையோடும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மருந்து ஜெல் மருந்தில்லா ஜெல்லை வெல்லவில்லை. ஆனால் இரண்டுமே போலி மாத்திரையைவிட மேலாக இருந்தன. அந்த மருந்தில்லா ஜெல் பிறகு ஃபிளெக்சிசெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மூன்றாவது ஒப்பீடு ஒன்று இருப்பதால் இந்த ஆய்வு முந்தையதைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். எனினும் ஜெல் தடவுகிறவருக்குத் தாம் மாத்திரை விழுங்கவில்லை என்பது நன்றாகத் தெரியும். தினமும் வலிக்கும் இடத்திலேயே தேய்ப்பது, மாத்திரை விழுங்குவதைவிடக் கூடுதல் எதிர்பார்ப்பை உண்டாக்கலாம். போலி மாத்திரையை வென்றது ஜெல்லா, தேய்க்கும் செயலா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒழுங்குமுறை அனுமதியை இந்தக் கேள்விக்கான விடையாகக் காட்டுவது அடுத்த தவறு. மெட்3000-க்கு 2021-இல் ஐரோப்பாவில் விற்க வழிவிடும் சி.இ. குறியீடு கிடைத்தது; 2023 ஜூனில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., டி நோவோ என்ற வழியில், மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதித்தது. அந்த விண்ணப்பத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வு, ஜெல்லை, விறைப்புக் குறைபாட்டுக்கு ஏற்கெனவே பயன்படும் டடாலஃபில் என்ற மருந்தின் 5 மில்லிகிராம் மாத்திரையோடு ஒப்பிட்டது. எது எவருக்குக் கொடுக்கப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை, பிளாசிபோக் குழுவும் இல்லை. டி நோவோ என்பது, முன்மாதிரி இல்லாத, ஆனால் ஆபத்து குறைந்த அல்லது மிதமான சாதனங்களுக்கானது. சொல்லப்பட்ட பயன்பாட்டில் நன்மை ஆபத்தைவிட மிகுதி என்று எஃப்.டி.ஏ. திருப்தியடைந்தது என்பதே அதன் பொருள். புதிய மருந்துக்கான சோதனையில் பிளாசிபோவை வென்றதற்கான சான்றிதழ் அல்ல. அதேபோல், அனுமதி பெற்ற பொருளை மோசடி என்று கூவுவதும் பொருந்தாது.

இப்படியொரு ஜெல்லை உண்மையாகவே சோதிக்க என்ன வேண்டும்? தோற்றத்திலும் பிசுபிசுப்பிலும் ஒத்து, ஆனால் ஆவியாகிக் குளிர்விக்காத மற்றொரு ஜெல் வேண்டும். சிக்கல் என்னவென்றால், குளிர்ச்சியை உணராதவர் தமக்குப் போலி ஜெல் கிடைத்ததென்று ஊகித்துவிடுவார். ஓரளவு குளிரும் ஜெல்லைக் கொடுத்தால், சோதிக்க வந்த விளைவில் ஒரு பகுதியையே ஒப்பீட்டுக் குழுவுக்கும் கொடுத்ததாகிவிடும். ஆகவே "ஒரு பிளாசிபோ ஆய்வு நடத்தினால் தீர்ந்தது" என்பவரும், "எங்கள் பொருளுக்குப் பிளாசிபோவே சாத்தியமில்லை" என்பவரும் மிகையாகவே பேசுகிறார்கள். ஓரளவு குளிரும் ஜெல், குளிராத ஜெல், எதுவும் தடவாத குழு என்று பல ஒப்பீடுகளைச் சேர்த்து, தமக்கு எது கிடைத்ததாக நினைக்கிறீர்கள் என்று ஆய்வின் முடிவில் பங்கேற்பாளர்களையே கேட்டுப் பதிவுசெய்தால், முழுத் தெளிவு கிடைக்காவிட்டாலும் இன்றைய நிலையைவிடப் பெரிதும் முன்னேறலாம்.

கடைசியாக, விற்பனையைக் கொண்டு மருத்துவ விவாதத்தை முடிக்க நினைப்பது. பயன் ஐயத்துக்குரிய பொருள் நன்றாக விற்கலாம். பயனுள்ள பொருள் கடையில் தூங்கலாம். முதலீட்டாளருக்கு இரண்டும் தனித்தனிக் கேள்விகள். வருவாயைப் பார்ப்பதென்றால்கூட, தொடக்க காலத்தில் விநியோக நிறுவனம் தன் கிடங்கை நிரப்ப வாங்கியது எவ்வளவு, கடையிலிருந்து நுகர்வோர் எடுத்துச் சென்றது எவ்வளவு, அவர்களுள் இரண்டாவது பெட்டி வாங்கியவர் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். முதல் எண் அறிவிப்பில் தானாகவே வந்துவிடும். மூன்றாவதைப் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால்தான் வரும்.