லயத்திலிருந்து தனி வீட்டுக்கு: குடியேறுமுன் கவனிக்க வேண்டியவை

இலங்கை மலையகத்தில், லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புக்குப் பதிலான தனி வீட்டுத் திட்டத்தில் இடம் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது வீட்டை அன்று, அது நிற்கப்போகும் மண்ணை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க இயலாது. ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலத்தைப் பரிசோதித்துள்ளதா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது காணி. உங்களுக்கு ஒதுக்கப்பட்டது 7 பேர்ச்சஸ் எனில், அது ஏறக்குறைய 1,900 சதுர அடி. எல்லைக் கற்களை நில அளவையாளரின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, அயல்வீட்டாரையும் அருகில் நிறுத்திக்கொண்டு அளந்து பாருங்கள். சாவி கைக்கு வந்துவிட்டால் வீடு சொந்தமாகிவிடாது. உறுதிப்பத்திரம் வேண்டும், இயலுமாயின் அதில் மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும்; கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியவர் பெரும்பாலும் அவரே என்பதால் இதை நான் வலியுறுத்துகிறேன்.

குடியேறியதும் கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் பதிவையும் புதிய முகவரியையும் உறுதிசெய்யுங்கள். பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டதால், தோட்டத்துப் பாதைக்கும் விளக்குக்கும் சபையிடமே விண்ணப்பிக்கலாம்.

லயத்தில் சுவருக்கு அப்பால் இருமினாலே அடுத்த காம்பராவுக்கு (அறைக்கு) கேட்கும். தனி வீட்டில் அந்த நெருக்கம் தானாக வராது. எனவே குடிநீர்க் குழாயைப் பராமரிக்கவும் வடிகாலைத் துப்பரவாக்கவும் மாதமொரு சிரமதானத்தை ஏற்பாடு செய்து, பழைய லயத்து மரண உதவிச் சங்கத்தைக் கலைக்காமல் புதிய குடியிருப்புக்குக் கொண்டுவாருங்கள்.